சம்பந்தியின் காந்தம்

கடைத்தெருவில் அவளை எல்லோரும் நட்டம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். நட்டும் போல்ட்டும் விற்கிற அம்மா என்பதால் வந்த பெயர். வேகமாகச் சொன்னால் 'நட்டம், அம்மா' என்று காதில் விழும் என்பதில் கூப்பிடுகிறவர்களுக்கு ஒரு தனிச் சுகம். "நட்டம்மா, வியாபாரம் எப்படி?" என்று கேட்டுவிட்டுத் தாங்களே சிரித்துக்கொள்வார்கள்.

"கேள்வியிலயே பதிலை வெச்சுக்கிட்டு என்கிட்ட எதுக்குக் கேக்கறீங்க?" என்பாள் அவள், தலையை நிமிர்த்தாமல்.

ஒடுங்கிய, நீளமான கடை. ஒரு பக்கச் சுவரை ஒட்டிக் குழாய்கள் அடுக்கடுக்காகப் படுத்திருக்கும். எதிர்ப்பக்கம் தரையிலிருந்து கூரை வரை இழுப்பறைகள். கடையை ஓட்டுவது அவள்; கடையின் வேனை ஓட்டுவது அவள் கணவர். ஒருவர் ஓட்டத்தில் மற்றவர் கை வைத்ததில்லை, அதனால் இருவருக்கும் இத்தனை வருடம் பெரிய சண்டையும் வந்ததில்லை.

அந்தக் கடையில் போல்ட் வாங்குவது லேசுப்பட்ட காரியமில்லை.

"ஒரு டஜன் எஸ்.எஸ். போல்ட் குடுங்க."

"எந்த எஸ்.எஸ்.?"

"துருப்பிடிக்காத எஸ்.எஸ்.மா."

"எங்க துருப்பிடிக்கக் கூடாது? வீட்டுக்குள்ளயா, மழையிலயா, கடல் காத்துலயா, மருந்து கலந்த தண்ணியிலயா?"

வந்தவர் முழிப்பார். அவளுக்கு அதுதான் வேண்டும். கல்லாவை விட்டு எழுந்து வந்து சொல்லத் தொடங்குவாள். "எஸ்.எஸ்.ங்கறது குடும்பப் பேருங்க. அதுல நல்லவனும் இருப்பான், நாலு பேர் முன்னாடி மட்டும் நல்லவனா நிக்கறவனும் இருப்பான். 304னு ஒண்ணு, சாதாரண வேலைக்குப் போதும். 316னு ஒண்ணு, அதுல மாலிப்டினம் சேர்த்திருக்கும், உப்பு புளிப்பு எல்லாத்தையும் தாங்கும். போல்ட்டுக்கு அதையே வேற மாதிரி எழுதுவாங்க. இங்க பாருங்க." போல்ட்டின் தலையை வெளிச்சத்தில் திருப்பிக் காட்டுவாள். அதில் பொடி எழுத்தில் ஏ2–70 என்றோ ஏ4–80 என்றோ பதித்திருக்கும். "ஏ-ரெண்டுன்னா 304 ஜாதி. ஏ-நாலுன்னா 316 ஜாதி. பக்கத்துல இருக்கற நம்பர் எவ்வளவு இழுத்தா அறும்ங்கற பலம். மனுஷனுக்குத் தலையெழுத்து இருக்கோ இல்லையோ, போல்ட்டுக்கு இருக்கு. அதைப் படிச்சிட்டு வாங்கணும்."

தலையெழுத்து இல்லாத போல்ட்டை அவள் கடைக்குள்ளேயே விடமாட்டாள். வேறு கடையில் வாங்கியதை யாராவது கொண்டுவந்து காட்டினால், இழுப்பறையிலிருந்து இரண்டு சின்னக் குப்பிகளையும் ஒரு சதுர பேட்டரியையும் எடுப்பாள். ஒரு குப்பி மலிவுச் சரக்கைக் காட்டிக்கொடுக்கும், இன்னொன்று மாலிப்டினம் உண்டா இல்லையா என்று சொல்லும். ஒரு சொட்டு விட்டு, பேட்டரியின் கம்பியைத் தொட்டு, நிறம் மாறுவதைப் பார்த்து, "ம்க்கும்" என்பாள். அந்த 'ம்க்கும்'முக்காகவே சிலர் அடுத்தமுறை அவளிடம் வந்தார்கள். ஆனால் தன் கடைச் சரக்கின்மேல் அவள் ஒரு சொட்டும் விட்டுப் பார்த்ததில்லை. அதற்குத்தான் தலையெழுத்து இருக்கிறதே.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த சம்பந்தி, சாவிக்கொத்தில் காந்தத்தைக் கோத்துக்கொண்டு அலைகிறவர்.

சம்பந்திக்குத் தக்காளி சாஸ் ஆலை. சொந்தமாகத் தொடங்கி, ஒவ்வொரு பாத்திரத்தையும் தானே பார்த்துப் பார்த்து வாங்கி வளர்த்த ஆலை. அவருக்கு உலோகத்தைப் பற்றித் தெரிந்த ஒரே உண்மை, காந்தம் ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் எஸ்.எஸ். யார் வீட்டுக்குப் போனாலும் கரண்டி, தட்டு, தண்ணீர்த் தொட்டி எதையும் விடமாட்டார். பெண் பார்க்க வந்த அன்றும், நட்டம்மா நீட்டிய டம்ளரை வாங்கியவர் தண்ணீரைக் குடிக்கும் முன் காந்தத்தை வைத்துப் பார்த்தார். காந்தம் ஒட்டவில்லை. சம்பந்தம் ஒட்டிக்கொண்டது.

கல்யாணத்துக்குப் பிறகு அந்த இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்ட மரியாதையில் பக்கத்தில் இருப்பவர்களுக்கு மூச்சு முட்டும். வாசற்படியில் "நீங்க முன்னால போங்க சம்பந்தி", "சேச்சே, நீங்க போங்க சம்பந்தியம்மா" என்று நின்றுகொண்டே இருப்பார்கள். உள்ளே டீ ஆறி ஏடு கட்டிவிடும். ஒருவருக்கொருவர் வியாபாரம் மட்டும் வைத்துக்கொள்வதில்லை என்று இரண்டு பக்கமும் சொல்லாமலே ஒரு முடிவு இருந்தது. சொந்தத்துக்குள் சரக்கு போனால் குறை சொல்லவும் முடியாது, விழுங்கவும் முடியாது.

அந்த முடிவை உடைத்தது மாப்பிள்ளை. ஆலையில் யந்திரங்களைப் பார்த்துக்கொள்வது அவன் பொறுப்பு. அவள் மகள் அதே ஆலையின் சோதனைக்கூடத்தில் சாஸின் புளிப்பையும் உப்பையும் அளப்பவள். புதிதாக ஒரு பெரிய கொதிகலம் வந்து இறங்கியிருந்தது. தக்காளிக் கூழை ஆவியில் கொதிக்க வைக்கிற கலம். அதை ஆவிக் குழாயோடும் கூழ்க் குழாயோடும் இணைக்க வேண்டிய போல்ட்டுகள் எங்கோ வழியில் மாட்டிக்கொண்டன.

"அத்தை, ஒரு உதவி," என்று போனில் கிசுகிசுத்தான் மாப்பிள்ளை. "உங்ககிட்ட ஏ-நாலு இருக்குமா? அப்பாகிட்ட நான் சொல்லிக்கறேன்."

மாப்பிள்ளை கேட்டு இல்லை என்று சொல்ல முடியுமா? தலையெழுத்தைச் சரிபார்த்து, எண்ணெய்த் தாளில் சுற்றி, பெட்டியில் அடுக்கி, கணவரின் வேனில் ஏற்றி அனுப்பினாள். காலையில் போன பெட்டி மத்தியானமே திரும்பி வந்தது. மேலே ஒரு சீப்பு வாழைப்பழம் இருந்தது.

அவள் பழத்தைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள், கணவரைப் பார்த்தாள்.

"நான் வண்டிதான் ஓட்டினேன்," என்றார் அவர்.

சற்று நேரத்தில் சம்பந்தியே போனில் வந்தார். "சம்பந்தியம்மா, சௌக்கியமா?"

"உங்க புண்ணியத்துல சௌக்கியம் சம்பந்தி. பழம் வந்துச்சு. கூடவே போல்ட்டும் வந்துச்சு."

"ஆமாமா. பழம் நல்ல பழம்."

"போல்ட்டும் நல்ல போல்ட்டு சம்பந்தி."

"ஐயையோ, நல்லதில்லைன்னு நான் சொல்லுவேனா? காந்தம்தான் சொல்லுது."

நட்டம்மா கண்ணை மூடிக்கொண்டாள். "சம்பந்தி, போல்ட்டுக்குத் தலை எடுக்கும்போது கம்பியைச் சூடு பண்றதில்லை. பச்சையாவே அடிச்சு எடுக்கறாங்க. அப்படி அடிக்கறதுல கொஞ்சம் காந்தம் பிடிக்கற குணம் வந்துடும். அதுக்காக அது இரும்பாயிடாது."

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். ஆனா காந்தம் படிக்காதது பாருங்க, அதுக்கு இதெல்லாம் தெரியல."

"தலையில எழுதியிருக்கறதைப் பார்த்தீங்களா?"

"எழுதறதுக்கு என்னம்மா, யாரு வேணா எதை வேணா எழுதலாமே. நான் உங்களைச் சொல்லல. பொதுவா சொல்றேன்."

பொதுவாகச் சொன்ன அந்தச் சொல் நேராக வந்து நெஞ்சில் தைத்தது. ஆனாலும் அவள், "நீங்க சொல்றதும் வாஸ்தவம்தான் சம்பந்தி, வீட்ல எல்லாரையும் கேட்டதாச் சொல்லுங்க," என்று பணிவாகவே போனை வைத்தாள். வைத்த பிறகு கணவர் பக்கம் திரும்பி, போனில் சொல்லாமல் விட்டதையெல்லாம் அவரிடம் சொன்னாள். மரை கழண்ட மனிதர் என்றாள். காந்தத்துக்கும் அவருக்கும் உள்ள ஒரே வித்தியாசம் காந்தத்துக்கு இரண்டு பக்கம் உண்டு என்றாள். கணவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு ஒரு பழத்தை உரித்தார்.

"பழம் நல்லாத்தான் இருக்கு," என்றார்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் அவருக்கு உப்பு விழவில்லை.

சம்பந்தி வேறெங்கோ போல்ட் வாங்கினார். தலை மொட்டையாக, பளபளவென்று, காந்தத்தைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற போல்ட். அதைப் பூட்டிக் கொதிகலத்தை ஓட்டத் தொடங்கிவிட்டதாகவும், மாமனார் ஆள் ஆளாகக் கூப்பிட்டுக் காந்தம் ஒட்டாததைக் காட்டுவதாகவும் மகள் சொன்னாள். நட்டம்மா, "நல்லா இருக்கட்டும்," என்றாள். அந்த 'நல்லா இருக்கட்டு'மில் ஆசீர்வாதம் கொஞ்சம்தான் இருந்தது.

சில வாரங்கள் போயின. ஒரு நாள் காலை மகள் போன் செய்து சிரிப்பை அடக்க முடியாமல் பேசினாள்.

"அம்மா, போல்ட் அழுவுதும்மா."

"என்னடி உளர்றே?"

"புதுக் கலத்துல பூட்டின போல்ட்டுலேர்ந்து பழுப்புப் பழுப்பா கண்ணீர் வழியுது. மாமா தினமும் ஆளை விட்டுத் துடைக்க வெக்கறாரு. யார்கிட்டயும் சொல்லக் கூடாதாம். முக்கியமா உன்கிட்ட."

நட்டம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. போகக் கூடாது என்று நினைத்தாள். பெருந்தன்மையாக இருக்க வேண்டும் என்று நினைத்தாள். இரண்டையும் முழுசாக நினைத்து முடிப்பதற்குள் புடவை மாற்றியாகிவிட்டது. குப்பிகள், பேட்டரி, திரும்பி வந்த பெட்டியிலிருந்து ஒரு கை போல்ட் எல்லாவற்றையும் பைக்குள் போட்டாள். வழியில் வேனை நிறுத்தச் சொல்லி ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கினாள்.

"எதுக்கு?" என்றார் கணவர்.

"மரியாதைக்கு."

ஆலை வாசலிலேயே தக்காளி வெந்த வாசனை முகத்தில் வந்து மோதியது. சம்பந்தி வெள்ளைத் தொப்பியும் ரப்பர் செருப்புமாக ஓடி வந்தார். "அடடா, வாங்க வாங்க சம்பந்தியம்மா! ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே வண்டி அனுப்பியிருப்பேனே. ஆபீஸ்ல உட்காருவோம், டீ சொல்றேன்."

"இந்தப் பக்கமா வந்தோம். புதுக் கலத்தை ஒரு தடவை பார்த்துட்டுப் போலாமேன்னு."

"உள்ள ஒரே ஈரம். வழுக்கும்."

"வழுக்காத செருப்பாப் பார்த்துப் போட்டுட்டு வந்திருக்கேன் சம்பந்தி."

"சூடு வேற."

"வீட்ல அடுப்புக்கிட்ட நிக்கறவதானே நான்."

அதற்கு மேல் தடுத்தால் மரியாதையாக இருக்காது. தலையில் தொப்பியை மாட்டிவிட்டு அழைத்துப் போனார். கொதிகலம் கண்ணாடி மாதிரி மின்னியது. கழுவி விட்ட தரையில் உப்பும் வினிகரும் கலந்த நீர் ஓடிக்கொண்டிருந்தது. குழாயின் விளிம்பும் கலத்தின் விளிம்பும் ஒன்றோடொன்று சேர்கிற வளையத்தைச் சுற்றிப் போல்ட்டுகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் பழுப்புக் கோடு ஒன்று கீழ்நோக்கி இறங்கியிருந்தது. பக்கத்தில் மாப்பிள்ளை அழுத்தமானியின் முள்ளை மிகத் தீவிரமாக ஆராய்ந்துகொண்டிருந்தான். மகள் கையைக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தாள்.

நட்டம்மா குனிந்து பார்த்தாள். "என்ன சம்பந்தி இது?"

சம்பந்தி ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "சாஸ்."

"சாஸா?"

"சாஸ் ஆலையில சாஸ் தெறிக்காம இருக்குமா?"

அவள் சுட்டுவிரலால் ஒரு கோட்டைத் தடவி முகர்ந்தாள். "சாஸுக்கு எதுக்கு சம்பந்தி இரும்பு வாசனை?"

"அது... கொஞ்சம் பழைய சாஸ்."

சுவரோரமாக ஒரு செருமல் கேட்டது. மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நட்டம்மா பையைத் திறந்தாள். கழற்றி வைத்திருந்த மொட்டைத்தலைப் போல்ட் ஒன்றை மேஜைமேல் வைத்து ஒரு சொட்டு விட்டு, பேட்டரியின் கம்பியைத் தொட்டாள். எல்லோரும் குனிந்தார்கள். சொட்டு மெல்லச் சிவந்தது, பிறகு நன்றாகவே சிவந்தது.

"நிக்கல் விலை அதிகம் சம்பந்தி. அதனால அதைக் குறைச்சிட்டு, மாங்கனீசை அள்ளிப் போட்டுச் செய்யறாங்க. காந்தம் ஒட்டாது, பார்க்கவும் பளபளன்னு இருக்கும். சமையலறைக் கரண்டிக்குப் பரவாயில்லை. உப்பும் புளிப்பும் ஆவியும் சேர்ந்த இடத்துல இதுக்கு உயிர் இல்லை." குரலில் தேன் சொட்டியது. "காந்தம் படிக்காதது பாருங்க, அதான் ஏமாந்துடுச்சு."

சம்பந்தியின் முகம் சிறுத்துவிட்டது. கையிலிருந்த சாவிக்கொத்தை ஒருமுறை பார்த்தார். "அப்போ உங்க போல்ட்டையும் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துடுவோமே சம்பந்தியம்மா," என்றார் மெதுவாக. "குறை சொல்லல. கத்துக்கலாம்னு."

"தாராளமா!" அவள் பையைக் கவிழ்த்தாள். ஏ4–80 என்ற எழுத்தோடு போல்ட்டுகள் மேஜையில் உருண்டன. சம்பந்தி அவற்றின் மேல் காந்தத்தை நகர்த்தினார். சிலது அசையவே இல்லை. சிலது லேசாகத் திரும்பிப் படுத்தது. ஒன்று மட்டும் துள்ளி வந்து பிரியமாக ஒட்டிக்கொண்டது.

"இதைப் பாருங்களேன்," என்றார்.

அவள் இரண்டாவது குப்பியை எடுத்தாள். மாலிப்டினம் இருந்தால் சொட்டின் மஞ்சள் கறுத்துப் பழுப்பாக வேண்டும். சொட்டு விட்டாள். கம்பியைத் தொட்டாள். மஞ்சள் மஞ்சளாகவே நின்றது.

"கொஞ்சம் நேரம் எடுக்கும்," என்றாள்.

நேரம் போனது. சொட்டில் மாற்றமில்லை. துடைத்துவிட்டு மறுபடி விட்டாள். மறுபடியும் மஞ்சள். பக்கத்திலிருந்த இன்னொரு போல்ட்டில் விட்டாள். அது உடனே கறுத்தது. அடுத்ததும் கறுத்தது. அதற்கடுத்தது மஞ்சளிலேயே நின்றது. எல்லாவற்றின் தலையிலும் ஒரே எழுத்து, ஒரே அச்சு. பாதி 316, பாதி வெறும் 304.

நட்டம்மாவுக்குக் காது மடல் வரை சூடேறியது. எத்தனை பேருக்கு இந்த எழுத்தைக் காட்டி வகுப்பெடுத்திருப்பாள்! எத்தனை பேரைப் பார்த்து 'ம்க்கும்' என்றிருப்பாள்! கையிலிருந்த போல்ட்டை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மாப்பிள்ளை அழுத்தமானியிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. மகளும் இப்போது சிரிக்கவில்லை.

சம்பந்திக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாழ்நாளில் வாய்க்காது. "யாரு வேணா எதை வேணா எழுதலாம்னு அன்னிக்கே சொன்னேனே" என்று ஒரு வார்த்தை போதும். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "சம்பந்தியம்மா, இதையும் சாஸுன்னு சொல்லிடலாமா?" என்றார்.

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அடிவயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. தொப்பி சரிய, மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சம்பந்தியும் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும் வரை இருவரும் சிரித்ததில், ஏதோ விபரீதம் என்று நினைத்து வாசலில் வேனில் தூங்கிக்கொண்டிருந்த கணவர் எழுந்து ஓடி வந்தார்.

சிரிப்பு அடங்கியதும் அவள் முகம் மாறியது. "இதே சரக்குல வேற யாருக்கெல்லாம் குடுத்தேன்?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். நீச்சல்குளத்து ஏணிக்கு ஒருவர் வாங்கிப் போனார். படகு பழுது பார்க்கிறவர் வாங்கினார். துணிக்குச் சாயம் போடுகிற பட்டறைக்காரர் வாங்கினார். எல்லோரும் அவளிடம், 'நீங்க சொன்னா சரி' என்று சொல்லி வாங்கியவர்கள். வந்த டீயைக் குடிக்காமல் கிளம்பினாள்.

மறுநாள் காலை கடையின் இழுப்பறைகள் எல்லாம் திறந்து கிடந்தன. நட்டம்மா தரையில் சாக்கை விரித்து, ஏ-நாலு சரக்கை அவளுக்கு மொத்தமாக விற்ற வியாபாரி அனுப்பிய பெட்டிகளையெல்லாம் நடுவில் கொட்டி, ஒவ்வொரு போல்ட்டாகச் சொட்டு விட்டுக்கொண்டிருந்தாள். இப்படியே போனால் பேரன் பேத்தி எடுத்த பிறகும் முடியாது என்று தோன்றியபோது வாசலில் நிழல் விழுந்தது. சம்பந்தி, கையில் ஒரு தட்டோடு நின்றார்.

"இப்படி ஒவ்வொண்ணா விட்டா குப்பி காலியாயிடும்," என்று சொல்லிவிட்டு, யாரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றிச் சாக்கின் ஓரத்தில் உட்கார்ந்தார். "நேத்து ராத்திரி யோசிச்சேன். துள்ளி ஒட்டினதும் திரும்பிப் படுத்ததும்தானே மஞ்சளாவே நின்னுச்சு? நல்லது எதுவும் அசையல. முதல்ல காந்தம் பிரிக்கட்டும். அப்புறம் உங்க சொட்டு பேசட்டும்."

நட்டம்மா யோசித்தாள். 316இல் நிக்கல் அதிகம். அடித்தாலும் லேசில் காந்தத்துக்கு மசியாது. 304 கொஞ்சம் மசியும். காந்தத்தை நம்பித் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் சந்தேகக் கேஸைப் பிரித்து வைக்க முடியும்.

"உங்க காந்தம் சுத்த முட்டாள் இல்ல சம்பந்தி," என்றாள்.

"அதுக்கு இன்னிக்காவது வேலை கிடைச்சுதே," என்று அவர் காந்தத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் முகத்தில் தெரிந்த பெருமையைப் பார்த்தால் அந்தக் காந்தத்தைப் பெற்றதே அவர்தான் என்று தோன்றும்.

அவர் பிரித்தார், அவள் சொட்டு விட்டாள். நடுநடுவே போனை எடுத்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். "நான் உங்களுக்கு ஏ-நாலுன்னு குடுத்ததுல தப்புச் சரக்கு கலந்திருக்கு. கழட்டி எடுத்துட்டு வாங்க, வேற தர்றேன். தப்பு என் பேர்லதான், நான் பார்க்காம வித்துட்டேன்." முதல் தடவை இதை இரண்டு முறை ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் சொன்னாள். பிறகு பிறகு பழகிவிட்டது. நீச்சல்குளத்துக்காரர் கொஞ்சம் கத்தினார். அவர் கத்துவதற்கு உரிமை உண்டு என்று கேட்டுக்கொண்டாள். படகுக்காரர், "நட்டம்மா, நீங்களா கூப்பிட்டுச் சொல்றீங்க?" என்றார். அடுத்த நாளே வந்து, மாற்றுச் சரக்கோடு புதிதாக ஒரு பெரிய ஆர்டரையும் கொடுத்துவிட்டுப் போனார்.

சரக்கை அனுப்பிய வியாபாரியைக் கடைசியாகக் கூப்பிட்டாள். அந்த ஆள் அலட்டிக்கொள்ளவே இல்லை. "ஏம்மா, தலையில எழுதியிருக்குல்ல? அதுக்கு மேல என்ன வேணும் உங்களுக்கு?" என்றான். தன் வாயிலிருந்து வந்த சொல்லே திரும்பி வந்து முகத்தில் அறைந்தது போலிருந்தது. "இனிமே உங்க எழுத்து எனக்கு வேண்டாம்," என்று சொல்லி வைத்தாள். அவனுடைய பெட்டிகளை அன்றே திருப்பி அனுப்பினாள். மேலே பழம் வைக்கவில்லை.

தெருவில் விஷயம் பரவியது. "நட்டம்மாவுக்கே நட்டமாமே!" என்று பக்கத்துக் கடைக்காரர் கூவினார்.

"ஆமா, இந்தத் தடவை நிஜமாவே," என்றாள் அவள். அவர் அதற்கு மேல் சிரிக்க வழி தெரியாமல் உள்ளே போய்விட்டார்.

சோதித்துத் தேறிய போல்ட்டுகளைக் கொண்டு கொதிகலத்தை மறுபடி பூட்டுவதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்தார்கள். ஆலை ஓய்ந்திருந்தது. நட்டம்மா ஒரு சிறிய டப்பாவில் சாம்பல் நிறப் பசை கொண்டு வந்திருந்தாள். "மரையில இதைத் தடவிட்டு, கையால மெதுவாத் திருகணும். எஸ்.எஸ்.ஸும் எஸ்.எஸ்.ஸும் உரசினா சூட்டுல ஒண்ணை ஒண்ணு கவ்விக்கும். அவசரப்பட்டா பூட்டிக்கும், அப்புறம் தெய்வம் வந்தாலும் கழலாது," என்று எல்லோரிடமும் சொன்னாள். எல்லோரும் தலையாட்டினார்கள். சம்பந்தி மற்றவர்களைவிட அதிகமாகவே ஆட்டினார்.

அவள் மகளோடு நின்று ஆவிக் குழாயின் பக்கம் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் பின்னால் 'டர்ர்ர்' என்று ஒரு சத்தம். திரும்பினால், காற்றில் ஓடும் துப்பாக்கி மாதிரியான ஸ்பானரைப் பிடித்துக்கொண்டு சம்பந்தி நின்றார். போல்ட் பாதி வழியில் கல்லாக நின்றுவிட்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. பசை டப்பா மூடியே திறக்காமல் பக்கத்தில் இருந்தது.

"என்ன பண்ணீங்க?" என்றாள் நட்டம்மா.

"ஒண்ணுமில்லையே. சீக்கிரம் முடியட்டும்னு..."

"இப்பத்தானே படிச்சுப் படிச்சுச் சொன்னேன்! காது என்ன அலங்காரத்துக்கா வெச்சிருக்கீங்க?"

"நீங்க ஒரு நாளைக்கு ஆயிரம் சொல்றீங்க! எதைக் கேக்கறது, எதை விடறது?" சம்பந்தியும் குரலை உயர்த்தினார். "போல்ட் விக்கறதோட பாடமும் எடுத்தா மனுஷன் எங்க போறது?"

"உலகத்துல எல்லாருக்கும் மரை கழண்டுதான் பிரச்சினை. உங்களுக்கு மட்டும் கழலாம பிரச்சினை!"

"ஓஹோ, எனக்கு மரை கழண்டிருக்குன்னு சொல்றீங்களா?"

"கழண்டிருந்தாலும் பரவாயில்லைங்கறேன்! அதை வெட்டி எடுக்கணும் இப்போ!"

மாப்பிள்ளைக்கு முகம் வெளுத்துவிட்டது. மனைவியின் தோளைத் தொட்டு, "போய்ச் சமாதானம் பண்ணு, சொந்தம் முறிஞ்சுடப் போகுது," என்றான்.

அவள் அசையவில்லை. "விடுங்க. இத்தனை நாள் அவங்க ரெண்டு பேரும் விருந்தாளிங்களா இருந்தாங்க. இப்பத்தான் சொந்தக்காரங்க ஆகியிருக்காங்க."

அங்கே வெட்டும் யந்திரம் வந்துவிட்டிருந்தது. "தள்ளிப் பிடிங்க, பொறி கண்ணுல தெறிக்கும்," என்று நட்டம்மா கத்தினாள். "எனக்குத் தெரியும், நீங்க தள்ளி நில்லுங்க," என்று சம்பந்தி அதைவிடப் பெரிதாகக் கத்தினார். பொறி பறந்தது. மாட்டிக்கொண்ட போல்ட் இரண்டாகி 'டங்' என்று தரையில் விழுந்தது. அவள் அடுத்த போல்ட்டை எடுத்து, மரையில் பசையை வழித்துத் தடவி, அவர் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள்.

"கையால," என்றாள்.

"சரி," என்றார் அவர், முனகிக்கொண்டே. நாக்கைக் கடித்துக்கொண்டு மெல்ல மெல்லத் திருகத் தொடங்கினார்.

மத்தியானம் ஆவியைத் திறந்துவிட்டார்கள். குழாய் ஒருமுறை அதிர்ந்து, பெருமூச்சு விட்டு, சூடேறியது. வளையத்தைச் சுற்றி எங்கேயும் ஒரு துளிகூடக் கசியவில்லை. கொதிகலத்துக்கு இந்தப் பக்கம் அவளும் அந்தப் பக்கம் அவரும் குனிந்து போல்ட் போல்ட்டாகப் பார்த்துக்கொண்டு வந்து நடுவில் சந்தித்தார்கள்.

"என் பக்கம் சரியா இருக்கு," என்றார் சம்பந்தி.

"உங்க பக்கத்தையும் நானே ஒரு தடவை பார்த்துக்கறேன்," என்று சொல்லிவிட்டு நட்டம்மா அவரைத் தாண்டிப் போனாள்.